ஏழையின் மீன் மத்தி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில் பாதை எட்டாத இம்மறையூர் மலையில் கடல் மீனைப் பற்றிப் பேசலாமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். காலனித் தெருவில் மீன் வண்டியின் குரல் கேட்டதும் கூடையுடன் வாசலுக்கு வரும் தாய்மார்களுக்கு அந்த ஐயம் எழாது. பார்சல் அலுவலகத்தில் மீன் பெட்டியின் எடையை எழுதிவிடும் நாம், உள்ளிருக்கும் உயிரின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அதனைச் சிறிது எண்ணுவோம்.

மத்தி, சாளை என்று கேரளத்தாரும், பேய்ச்சாளை என்று தமிழகக் கரையினரும் வழங்கும் இம்மீன் ஒரு சாண் நீளமே வளரும். ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகளே. செவுளில் உள்ள மெல்லிய முட்களைச் சல்லடையாகக் கொண்டு, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்து உண்கின்றது.

இதன் வாழ்வு தென்மேற்குப் பருவக்காற்றோடு பிணைந்தது. அக்காற்று வீசுங்காலத்தில் மேற்குக் கரையோரம் கடலடியின் குளிர்ந்த நீர் மேலே எழுகின்றது. அதிலுள்ள சத்துக்களால் நுண்பாசி செழிக்கின்றது. அப்பருவத்திலேதான் மத்தி முட்டையிடும். முட்டைகள் ஏறக்குறைய ஒரு நாளிலேயே பொரிந்துவிடும். மலைகள் மறைப்பதால் மறையூருக்கு மழையைக் குறைத்தே தரும் அதே காற்று, நம் சட்டிக்கு மீனை நிறைத்துத் தருகின்றது!

ஆயினும் அது என்றும் நிறைவதில்லை. கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய 4 இலட்சம் டன் மத்தி கிடைத்தது; 2021-இலோ ஏறக்குறைய 3,300 டன்னே கிடைத்தது. கடலின் வெப்பநிலை மாற்றமும், குஞ்சுகளையும் விடாது வாரிய பேராசையும் இதற்குக் காரணம் என்பர் ஆய்வாளர். மீன் அருகினால் விலை ஏறும். இறைச்சி வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்குப் புரதமும் நற்கொழுப்பும் தரும் உணவு தட்டிலிருந்து மறையும். கடற்கரையில் வலைஞர் வீட்டு உலையும் அவியும்.

சட்டம் இல்லாமலில்லை. சென்னை மாகாண அரசு 1943-ஆம் ஆண்டிலேயே மலபார்க் கரையில் இளம் மத்தியைப் பிடிக்கக் கட்டுப்பாடு விதித்தது. சில ஆண்டுகளில் அது நீக்கப்பட்டது. 2015-இல் கேரள அரசு, 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாது என விதித்தது. ஆனால் மத்தி முட்டையிடும் பருவம் எய்துவதோ ஏறக்குறைய 15 செ.மீ. வளர்ந்த பின்னரே. வாங்குவோர் உள்ளவரை பிடிப்போரும் இருப்பர். ஆகவே சட்டத்தின் காவல் கடலில் மட்டுமன்று, நம் வாசலிலும் வேண்டும்.

தாய்மார்களே! அளவுகோல் தேட வேண்டா. பழைய அட்டைப் பயணச்சீட்டு இரண்டை நீளவாக்கில் சேர்த்து வைத்தால் வரும் நீளத்தை மனத்திற் கொள்க. அதனினும் குறுகிய மத்தி மலிவாக வந்தாலும், "வேண்டா" என்று கூறுக. இன்று விட்ட குஞ்சு, ஓராண்டில் தானும் வளர்ந்து, பல்லாயிரம் முட்டைகளும் இடும். இதனினும் நல்ல வட்டி தரும் சேமிப்பு யாதுளது?

கடலைக் காப்போம், நம் பிள்ளைகளின் உணவைக் காப்போம்.