பாட்டுக்கும் லைசென்ஸ்

(பாலெர்மோவில் இளையோர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பல்லாரோ பக்கம் இரவில நடந்து பாருங்கோ. 12 மணியானால் சின்னக் கடைக்காரர் பியர் விற்கக் கூடாது. பக்கத்து பாரில 3 மணிவரை ஊற்றலாம். இத்தாலியின் 2010ஆம் ஆண்டுச் சட்டம், இலக்கம் 120, நேரத்தை அப்படித்தான் பிரிக்கிறது. நகரபிதா தனி உத்தரவால் அதை இன்னும் இறுக்கலாம். சட்டத்தில் நிறமும் இல்லை, நாடும் இல்லை. ஆனால் பார் திறக்கிற முதல் யாரிட்ட இருக்கு? சின்னக் கடைகள் பலவற்றில் நிற்கிறது எங்களைப் போலக் குடியேறி வந்த ஆக்கள்தானே?

அடுத்தது பாட்டு, ஆட்டம். இதற்கான சட்டம் 1931இல் முசோலினி காலத்தில் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 68ஆம் பிரிவு, கச்சேரிக்கும் நடனத்துக்கும் மாகாணப் பொலிஸ் தலைவரான குவெஸ்தோரேயின் அனுமதி வேண்டும் என்றது. 1977இல் அந்த அதிகாரம் நகரசபைக்குப் போனது. 2013க்குப் பிறகு, 200 பேருக்குள், நள்ளிரவுக்கு முன் முடிகிற நிகழ்ச்சிக்கு அறிவித்தல் கொடுத்தால் போதும்.

ஆனால் 100ஆம் பிரிவு இன்னும் குவெஸ்தோரேயின் கையில். "ஆபத்தானவர்கள்" வழமையாகக் கூடுகிற இடமென்றால் பாரின் லைசென்ஸை அவர் இடைநிறுத்தலாம். யார் ஆபத்தானவர்? அதைப் பொலிஸே சொல்லும். லைசென்ஸுக்குப் பயந்த முதலாளி வாசலில் முகம் பார்க்கத் தொடங்குவார். கறுத்த பெடியன்கள் நாலுபேர் சேர்ந்து வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நித்திரை வேணும், அது நியாயம். அதற்குச் சத்த அளவு விதி இருக்கு. ஆக்களை அளக்கிற விதி எதற்கு?

ஒரு வாசல் திறந்திருக்கு. லாப நோக்கமில்லாத, பொதுமக்களுக்குத் திறந்த இடத்தில் நடக்கிற நிகழ்ச்சிக்கு 68ஆம் பிரிவின் அனுமதி தேவையில்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1970இல், 56ஆம் இலக்கத் தீர்ப்பில் சொன்னது. 1957இல் தொடங்கிய ஆர்ச்சி அமைப்பின் மன்றங்களும் இருக்கு. உறுப்பினர் அட்டை எடுத்தவர்களுக்கு அங்கே குடிவகை பரிமாறலாம். இடதுசாரித் தொழிலாளர் மரபு கட்டி வைத்த இடங்கள் அவை. பறையும் பைலாவும் அங்கே ஏன் ஒலிக்கக் கூடாது?

எங்கட கோரிக்கை இரண்டு: கடைக்கும் பாருக்கும் ஒரே நேரம், 100ஆம் பிரிவு நீக்கம். அடுத்த கூட்டத்துக்கு முன் ஆளுக்கு மூன்று கடைக்காரரோட கதையுங்கோ. நள்ளிரவு விதியால் எத்தனை தரம் தண்டம் கட்டினார்கள் என்று பெயரில்லாமல் எழுதிக் கொண்டு வாங்கோ. அங்கேயிருந்து தொடங்குவம்.