கலெக்டர் எங்கள் வீட்டு வாசலில்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. "நீங்க எல்லா ஊருக்கும் போய் சேமிப்பு, கடன், கழிப்பறைன்னு பேசுறீங்களே, உங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?" நியாயமான கேள்வி. கணக்கு நோட்டு எல்லாருக்கும் திறந்திருக்கணும்னு சொல்லுகிறவர்கள் வீட்டுக் கதவையும் கொஞ்சம் திறக்க வேண்டாமா? அதனால் இன்றைக்கு எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். மாமியார், வீட்டுக்காரர், இரண்டு பையன்கள், அப்புறம் நாம். இதுபோக ஆறு கோழி, ஒரு பூனை, ஒரு நாய். ரேஷன் கார்டில் பேர் இல்லையே தவிர, சாப்பாட்டு நேரத்தில் முதலில் வந்து நிற்பது இந்த எட்டு உருப்படிகள்தான்.

முதலில் கோழி. எங்கள் வெள்ளைக் கோழிக்குக் கூடையில் வைக்கோல் போட்டு வைத்தால் பிடிக்காது. ஒரு நாள் தணிக்கைக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழுவில் உட்கார்ந்து ரொக்கப் புத்தகத்தை எடுத்தால், அதன் மேல் ஒரு முட்டை! நல்லவேளை, உடையவில்லை. தலைவி அக்கா முட்டையையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். "இதை வரவுல எழுதணுமா, நன்கொடையில எழுதணுமா?" என்று கேட்டார். அன்றைக்குத் தணிக்கை முடிய ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. சிரிப்பு நின்றால்தானே கூட்டுப்புள்ளி வரும்.

அடுத்து நாய். சின்னவன் மழையில் நனைந்த குட்டி ஒன்றைத் தூக்கி வந்து, "மூணே நாளைக்கும்மா" என்றான். அந்த மூன்று நாள் இன்னும் முடியவில்லை. யார் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் போய் ஆய்வு நடத்தும். அதனால் வீட்டுக்காரர் அதற்கு 'கலெக்டர்' என்று பேர் வைத்துவிட்டார்.

இந்தப் பேரால் நாம் பட்ட பாடு இருக்கிறதே! ஒரு தடவை மேலதிகாரி போனில் பேசிக்கொண்டிருக்கிறார். பின்னால் இருந்து மாமியார் சத்தம் போடுகிறார்: "ஏத்தா, கலெக்டர் சாணியில விழுந்து புரண்டுட்டு வந்து நிக்குது, ஒரு வாளி தண்ணி கொண்டா!" அந்தப் பக்கம் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. விளக்கம் சொல்வதற்குள் நமக்கு வேர்த்துவிட்டது.

மாமியாருக்கு நாய் பிடிக்காது. "வாசப்படி தாண்டக் கூடாது. யாரையாவது கடிச்சா அன்னைக்கே சாக்குல கட்டி ஊரு தாண்டி விட்ருவேன்" என்பது அவர் போட்ட சட்டம். நாமும் வேலை அவசரத்தில் "ஆமா அத்தை, விட்ருவோம்" என்று தலையாட்டினோம். இந்தத் தலையாட்டல்தான் பிறகு வினையானது.

ஒரு சனிக்கிழமை. பையன்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாள். சின்னவன் முழுக்கால் பேண்டைக் கழற்றவே மாட்டேன் என்கிறான். கோடை வெயில், இரண்டு நாளாக அதே பேண்ட். மல்லுக்கட்டிக் கழற்றிப் பார்த்தால், கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்த காயம். வியாழக்கிழமை வாலைப் பிடித்து இழுத்திருக்கிறான், கலெக்டர் திரும்பிக் கடித்துவிட்டது. இரண்டு நாளாக நம்மிடம் சொல்லவில்லை.

அடிவயிறு கலங்கிப்போனது. மாமியார் மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் ஓடினார். பக்கத்து வீட்டில், "மந்திரிச்சா சரியாப் போகும்" என்றார்கள். "எதுவும் வேண்டாம் அத்தை, சோப்பு கொடுங்க" என்று சொல்லி, குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவினோம். உடனே கழுவியிருக்க வேண்டும். தாமதமானாலும் கழுவத்தான் வேண்டும். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட்டம்.

அங்கே நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "வீட்டு நாய்தானே, அதுக்கு ஊசி போட்ருக்கீங்களா?" நாம் வாயே திறக்கவில்லை. ஊர் ஊராகப் போய் நாய்க்குத் தடுப்பூசி போடுங்கள் என்று சொன்ன வாய் இது! நம் வீட்டு நாய்க்கு, அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறோம். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

தாய்மார்களே, இந்த இடத்தில் மட்டும் சிரிப்பை ஓரமாக வையுங்கள். வெறிநாய்க்கடி நோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகும். அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது. அதற்கு முன்னால் ஊசியை முறையாகப் போட்டால் தடுத்துவிடலாம். குட்டி நாய்தானே, வீட்டுப் பூனைதானே, லேசான கீறல்தானே என்று விடக்கூடாது. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த ஊசி இலவசம். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று கையில் போடுகிறார்கள். தொப்புளைச் சுற்றிப் போட்டதெல்லாம் அந்தக் காலம். ரத்தம் வரும் அளவுக்குக் காயம் இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் உண்டு, டாக்டர் சொல்லுவார். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும்கூடப் போட்டுக்கொள்ளலாம். நாலு ஊசியில் ஒன்றைக்கூட விடக் கூடாது.

திரும்பி வரும்போது பையனிடம், "ஏண்டா சொல்லலை?" என்று கேட்டோம். "சொன்னா அப்பத்தாவும் நீயும் கலெக்டரை சாக்குல கட்டிருவீங்கல்ல" என்றான்.

அவ்வளவுதான். நாயைக் காப்பாற்றுவதற்காக எட்டு வயதுப் பிள்ளை தன் உயிரைப் பணயம் வைத்திருக்கிறான், அது அவனுக்கே தெரியாது. அன்று ராத்திரி மாமியார் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலண்டரில் ஊசி போடும் நாட்களை எங்கே என்று கேட்டு, ஒவ்வொன்றிலும் குங்குமம் வைத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மீதி மூன்று ஊசிக்கும் பேரனைக் கூட்டிப் போனது அவர்தான். 28-ஆம் நாள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. "ஊசியைப் போட்டுட்டுத்தான் வருவோம், காது எங்கயும் ஓடிப் போயிறாது" என்று சொல்லிவிட்டார். கலெக்டரைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனித்தோம், நன்றாகவே இருந்தது. அதன் பிறகு கால்நடை மருந்தகத்தில் அதற்கும் ஊசி. பையன் அழவில்லை. கலெக்டர்தான் தெருவே கேட்கிற மாதிரி ஊளையிட்டது.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? நம் குழுக்களிலும் முழுக்கால் பேண்ட் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு குழுவில் ஒரு தங்கச்சி இரண்டு மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனால் கொல்லைப்பக்கமாக ஓடிவிடுகிறார். பிறகுதான் தெரிந்தது, நம் தவணையைக் கட்டுவதற்காக வெளியில் கந்துவட்டிக்கு வாங்கியிருக்கிறார். முதல் தவணை தவறியபோதே சொல்லியிருந்தால் குழுவில் பேசித் தவணையைத் தள்ளி வைத்திருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அதற்கு முந்தின மாதம் வேறொருவர் தவணை கட்டாதபோது, எல்லார் முன்னாலும் நாம் பேசிய பேச்சை அவர் கேட்டிருக்கிறார். நம்ம சாக்கு அது.

தவணை கேட்பது தப்பில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் சிரமத்தைச் சொல்ல வருகிறவரை முதலில் உட்கார வைத்துக் கேட்போம். வீட்டில் பிள்ளைகளிடமும், "என்ன நடந்தாலும் முதல்ல அம்மாகிட்ட சொல்லு, திட்டு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். காயம் வெளியில் தெரிந்தால்தான் கழுவ முடியும்.

கலெக்டர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். இப்போது வாசப்படி மேலேயே படுத்திருக்கிறார். தலையும் முன்னங்காலும் வீட்டுக்குள்ளே, மீதி வெளியே. மாமியாரிடம் கேட்டால், "எங்க தாண்டுச்சு? பாதிதானே உள்ள இருக்கு" என்கிறார். சட்டம் அப்படியேதான் இருக்கிறதாம்!