மொட்டைப் பனையும் கூண்டுக்கிளியும்

போன பகுதியைக் கேட்டுட்டு நாமக்கல்லில் இருந்து ஒரு அம்மா குரல் பதிவு அனுப்பியிருந்தாங்க. "வீட்ல ஒம்பது வருஷமா ஒரு கிளி இருக்குதுங்க. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும். வச்சிருந்தா கேஸுங்கறாங்க, பறக்க விட்டுடலாமா?" பதில் சொல்றேன், ஆனா கொஞ்சம் சுத்தித்தான் வரணும்.

ராசிபுரம் பக்கம் எங்க காட்டு வரப்புல நாலு மொட்டைப் பனை நின்னுது. கொண்டை விழுந்த பனை நமக்குத்தான் செத்த மரம். வெளியே வைரம் பாய்ஞ்சு நிற்கும், உள்ளே சோறு மக்கிப்போயிருக்கும். பச்சைக்கிளிக்கு அதுதான் வீடு. பெரும்பாலும் அது புதுசாப் பொந்து குடையறதில்லை. மரங்கொத்தியோ குக்குறுவானோ விட்டுட்டுப் போனதை அலகால அகலமாக்கிக்கும். மைனாவும் ஆந்தையும் அதே பொந்துக்குப் போட்டி. மூணு, நாலு முட்டை. மூணு வாரத்துக்கு மேல அடை. குஞ்சு வெளியே வர இன்னும் ஏழு வாரம். அதுக்குள்ளதான் கை உள்ளே போகும். சில பேர் பொந்தையே வெட்டித் திறந்துடுவாங்க. அடுத்த வருஷம் அந்த வீடே இருக்காது.

உள்ளதைச் சொல்லணும்: உலக அளவில் பச்சைக்கிளி அழியும் இனம் இல்லை, லண்டன் பூங்காவிலேயே கூட்டமாப் பறக்குது. தோள்ல சிவப்புத் திட்டு உள்ள பெரிய பச்சைக்கிளிதான் அச்சுறுத்தலை நெருங்கும் இனம்னு சர்வதேசப் பட்டியலில் இருக்கு. அதுக்குப் பெரிய மரம், பெரிய பொந்து வேணும். ஆனா சட்டம் ரெண்டையும் காக்குது. நம்ம நாட்டுக் கிளியை விற்கத் தடை வந்து 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. 2022 திருத்தம் 2023 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்தபிறகுதான் வனத்துறை கெடுபிடி கூடுச்சு.

அம்மா, தயவுசெஞ்சு திறந்து விட்டுடாதீங்க. கையில வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, வல்லூறைக் கண்டா ஒளியத் தெரியாது. வனத்துறை அலுவலகத்துல நீங்களே கொண்டுபோய் ஒப்படைங்க. மனசு கனக்கும்தான். எங்க சித்தப்பா பிடிச்சுக் கொடுத்த குஞ்சை நானும் சின்ன வயசுல வச்சிருந்தவன், றெக்கையைக் கத்தரிச்சதும் நான்தான்.

பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேணும்னு 2021-லயே அரசு சொல்லிடுச்சு. மொட்டைப் பனைன்னா மட்டும் யாரும் அதை மரமாவே எண்ணுறதில்லை. எங்க வரப்புல இப்ப நிக்கிறது ரெண்டு. போன மாசம் சூளைக்காரர் வந்து விலை கேட்டுட்டுப் போனார். அண்ணன் இன்னும் பதில் சொல்லலை.