வைத்தியர் கிறீன் கற்ற தமிழ்



கிறிஸ்தவ விசுவாசத்தை உண்மையாக வாழ்ந்து காட்டிய ஒருவரைப் பற்றி இந்த இலக்கியத் தொடரிலே பேச வந்திருக்கிறேன். பேசுபவனோ சைவன், இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் படிப்பிப்பவன். "உமக்கேன் இந்த வேலை?" என்று கேட்கக்கூடியவர்கள் எங்கள் அளவெட்டியிலேயே நாலைந்து பேர் உண்டு. அவர்கள் என் நண்பர்கள். அவர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

அளவெட்டிக்குப் பக்கத்து ஊர் தெல்லிப்பழை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1816 இல் வந்து குடியேறிய முதல் இடங்களில் அதுவும் ஒன்று. அவர்களுக்குப் பின் முப்பது ஆண்டுகள் கழித்து வந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயிலே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அந்த வீதியால் சைக்கிளில் போய்வரும் பலருக்கு அந்தப் பெயர் ஒரு பெயர்ப்பலகையாக மாத்திரமே தெரியும். கவிஞர் அம்பி அவர்கள் 'கிறீனின் அடிச்சுவடு' என்ற நூலை எழுதியிராவிட்டால், தமிழ் படித்த எங்களுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

கிறீன் 1822 ஒக்ரோபர் மாதம் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்திலே வூஸ்ரர் நகரில் பிறந்தவர். வசதியான குடும்பம். இரண்டு வயது மூத்த சகோதரராகிய அன்ட்ரூ கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் நகரத்தின் சிற்பிகளுள் ஒருவரானார். உலகப் புகழ்பெற்ற 'சென்றல் பார்க்' பூங்கா உருவானதிலும், சிதறிக் கிடந்த பட்டினங்கள் ஒன்றிணைந்து பெருநகரமானதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. தம்பிக்கும் அந்த நகரத்திலே இடம் கிடையாமல் போயிருக்காது. நியூயோர்க்கிலே மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்றவர் அவர். ஆனாலும் 1847 இல், தமது 25 ஆவது வயதில், கப்பலேறி வட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு மாறினார்.

இந்த ஆண்டுகளை நான் சும்மா சொல்லவில்லை. 1822 என்றதும் சைவத் தமிழ் உலகுக்கு நினைவு வருவது வேறொரு பிறப்பு. ஆறுமுக நாவலரும் அந்த ஆண்டு டிசம்பர் மாதத்திலேதான் பிறந்தார். கிறீன் மானிப்பாயிலே வைத்தியம் செய்யவும் மாணாக்கரைச் சேர்த்துப் பயிற்றவும் தொடங்கிய அதே 1848 இல், சில மைல்களுக்கு அப்பால் வண்ணார்பண்ணையிலே நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒருவர் கிறிஸ்துவை அறிவிக்க வந்தவர். மற்றவர் அந்த அறிவிப்புக்கு மறுப்புரைக்கவே எழுதுகோல் எடுத்தவர். அந்த நாவலரே அதற்கு முன் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்று உழைத்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் காலத்து யாழ்ப்பாணம் நாங்கள் இன்று எண்ணுகிற அளவுக்கு இரண்டாகப் பிளந்து கிடக்கவில்லை என்பது விளங்கும்.

விசுவாசம் என்றால் என்ன? இதற்கு வேதசாஸ்திரிகள் கூறும் விளக்கங்கள் பல. நான் அந்தத் துறைக்கு உரியவனல்லன். ஆனால் கதை படிப்பிப்பவன் என்ற முறையிலே இயேசு சொன்ன ஒரு சிறு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். தகப்பன் ஒருவனுக்கு இரண்டு பிள்ளைகள். திராட்சைத் தோட்டத்திலே போய் வேலை செய் என்று மூத்தவனிடம் சொல்கிறான். அவன் மாட்டேன் என்கிறான். பிறகு மனம் மாறிப் போகிறான். இளையவனோ உடனே, போகிறேன் ஐயா என்கிறான், போகவில்லை. இருவரில் தகப்பன் சொல்லைச் செய்தவன் யார்? இவ்வளவுதான் கேள்வி. 'ஐயா' என்று மரியாதையாக அழைத்தவன் கெட்டிக்காரன். ஆனால் தோட்டத்திலே களை அப்படியே கிடந்தது. கீழ்ப்படிவு என்பது நாவிலே இல்லை, மண்வெட்டியிலே இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமோ தெரியாது. எங்கள் அப்பர் சுவாமிகளும் உழவாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கோயில் வீதிகளில் புல் செதுக்கியவர்தானே.

கிறீனுக்குக் கிடைத்த கட்டளை இரண்டு: நோயாளரைக் குணமாக்குதல், நற்செய்தியைச் சொல்லுதல். இரண்டையும் அவர் செய்தார். இதிலே பூசி மெழுகுவதற்கு எதுவுமில்லை. தமிழர் கிறிஸ்தவராக வேண்டும் என்று அவர் மனதார விரும்பினார். மானிப்பாயிலே மருந்துக்கு வந்தவர்கள் மருந்துக்கு முன் வேதவாசிப்பையும் ஜெபத்தையும் கேட்டார்கள். என் நண்பர்கள் பிடித்துக்கொள்ளும் இடமும் இதுதான். "அது தூண்டில் ஐசே, மருந்து வெறும் இரை" என்பார்கள். அவர்கள் சொல்வதை நான் எடுத்த எடுப்பிலே தள்ளிவிடுவதில்லை. நோயுற்றவனின் பலவீனமான நேரத்திலே சமயம் பேசுவது சரிதானா என்பது நியாயமான கேள்வி. இன்று எந்த வைத்தியராவது அப்படிச் செய்தால் நானும் முகம் சுளிப்பேன்.

ஆனால் தூண்டில் போடுகிறவன், தூண்டில் செய்யும் வித்தையை மீனுக்குக் கற்றுக்கொடுப்பானா? கிறீன் அதைத்தான் செய்தார். தம் கையிலிருந்த வித்தை முழுவதையும் தமிழ் இளைஞரின் கையிலே கொடுத்தார். தொடக்கத்திலே ஆங்கிலத்திலே கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் பட்டினத்தையும் நாடிப் போவதைக் கண்டார். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். ஆகவே 1857 இல் தாயகம் போய் 1862 இல் மனைவியோடு திரும்பி வந்த பின், 1864 முதல் மருத்துவ வகுப்பைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். தமிழிலே கற்றவன் ஊரிலேயே நிற்பான் என்பது அவர் கணக்கு. நாட்டு மொழியிலே பணி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவரை அனுப்பிய சபையாரிடமும் அப்போது வலுத்திருந்தது உண்மை. ஆனால் நாட்டு மொழியிலே பிரசங்கம் செய்வது ஒன்று; ஈரலையும் இருதயத்தையும் கீறிக் காட்டி விளக்குவது வேறொன்று.

தம் மாணாக்கர் ஐரோப்பிய உடைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவராக வாருங்கள், ஆனால் தமிழராகவே இருங்கள் என்பது அவர் நிலை. அந்நாளிலே ஞானஸ்நானத்தோடு காற்சட்டையும் சேர்ந்தே வரும் என்று எண்ணியவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். காற்சட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது எதுவோ அதுதான் அவருடைய விசுவாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழிலே கற்பிப்பதென்றால் நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். இங்கேதான் கிறீன் எங்கள் துறைக்குள் நுழைகிறார். வைத்தியராக வந்தவர் தாமே மாணவராகி, தமிழை அகரம் முதலாகக் கற்றார். 1857 இல் மானிப்பாய் அச்சுக்கூடத்திலிருந்து 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' வெளிவந்தது. கல்வின் கற்றர் என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலின் தமிழாக்கம் அது. உடலின் அமைப்பு, உடல் இயங்கும் முறை, உடலைப் பேணும் முறை ஆகிய மூன்றும் அந்த நீண்ட பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. பிள்ளைப்பேறு பற்றிய 'பிரசவ வைத்தியம்' அதே ஆண்டில் வந்தது. 1867 இல் 'இரண வைத்தியம்', 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 1875 இல் 'கெமிஸ்தம்' என்று தொடர்ந்தன. இவை ஒருவர் தனியே செய்த காரியங்களல்ல. அவரிடம் கற்ற தமிழ் வைத்தியர்கள் மொழிபெயர்ப்பிலே தோள்கொடுத்தார்கள்.

இந்தப் பெயர்களைச் சற்று நின்று கவனியுங்கள். 'அங்காதிபாதம்' என்று கேட்ட மாத்திரத்தே தமிழ் படித்தவனுக்குப் பாதாதிகேசமும் கேசாதிபாதமும் நினைவுக்கு வரும். தெய்வத்தையும் தலைவனையும் அடி முதல் முடி வரை, அல்லது முடி முதல் அடி வரை வருணிக்கும் சிற்றிலக்கிய வகைகள் அவை. சாதாரண மனித உடலை அப்படி உறுப்பு உறுப்பாக நின்று பார்ப்பதற்கும் அந்த மரபின் ஓசையுள்ள ஒரு பெயர் கிடைத்துவிட்டது. 'இரணம்' ஊர்ச்சனம் வழங்கும் சொல். காலில் ஆறாத புண் இருந்தால் என் பாட்டி அப்படித்தான் சொல்வார். 'வைத்தியாகரம்' வடமொழிப் புணர்ச்சி. ஆகரம் என்றால் சுரங்கம். 'கெமிஸ்தமோ' ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வாலைக் கட்டிய உரு. தமிழ், வடமொழி, ஆங்கிலம் என்று எங்கே பொருந்தும் சொல் அகப்படுகிறதோ அங்கே போய் எடுத்தார்கள். இன்றைய தனித்தமிழ் ஆர்வலர் இவற்றிற் பலவற்றை ஏற்கமாட்டார்கள். நானுங்கூட 'உற்பாலனம்' என்பதை வகுப்பிலே சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதனால் என்ன? நோயாளியின் நாவிலும் மாணாக்கனின் காதிலும் ஏற வேண்டும் என்ற கவலை அந்தச் சொற்களிலே தெரிகிறது. அந்தக் கவலைக்கு வேறு பெயர் இரக்கம்.

இரக்கம் என்றதும் இன்னொரு கதையைச் சொல்லாமல் விடமுடியாது. கள்வரிடம் அகப்பட்டு வழியிலே குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியன் ஒருவனும் லேவியன் ஒருவனும் கண்டு விலகிப் போகிறார்கள். யூதர் மதியாத சமாரியன் ஒருவன்தான் நின்று காயங்கட்டுகிறான். எல்லாருக்கும் தெரிந்த கதை. கேட்டவர்களின் சமயத்தானை விட்டு, அவர்கள் ஒதுக்கிய பிறத்தியானை இயேசு உதாரணமாக நிறுத்தினார் என்பது சைவனாகிய எனக்கு ஆறுதல் தரும் செய்தி. ஆனால் நான் சொல்ல வந்தது கதையின் கடைசிப் பகுதியை. சமாரியன் காயங்கட்டியதோடு நிற்கவில்லை. அடிபட்டவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோய், மறுநாள் சத்திரக்காரன் கையிலே இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிப் போகிறான். தான் போன பிறகும் கவனிப்பு நடக்க ஒழுங்கு செய்துவிட்டுத்தான் போகிறான். கிறீன் பயிற்றிய தமிழ் வைத்தியர்கள் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் என்பார்கள். அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்திரக்காரன்தான் நினைவுக்கு வருவான்.

1873 இல் உடல்நலம் குன்றிய நிலையில் கிறீன் விடைபெற்றார். பிறகு திரும்பி வரவில்லை. ஆனால் வூஸ்ரரிலே இருந்தபடியும் தமிழ் நூல் வேலையை அவர் கைவிடவில்லை. 'மனுஷ சுகரணம்' வெளிவந்தது 1883 இல். அடுத்த ஆண்டு மே மாதம் காலமானார். தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளன் என்ற குறிப்பே தம் கல்லறையில் இருக்க வேண்டும் என்று விரும்பியவர் அவர். அண்ணனுக்கு ஒரு பெருநகரம் நினைவுச்சின்னம். தம்பிக்கு எங்கள் இனத்தின் பெயர்.

இவர் போன சில ஆண்டுகளில், 1877 இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் நோயும் வாட்டின. அப்போது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு உணவளித்தவர் நாவலர். கிறீனின் மருந்தையும் நாவலரின் கஞ்சியையும் ஒரே தட்டிலே வைக்கலாமா என்று சண்டை பிடிக்க இரு பக்கத்திலும் ஆட்கள் இருப்பார்கள். பசித்து வந்தவனும் காய்ச்சலோடு வந்தவனும் அந்தச் சண்டையிலே சேரமாட்டார்கள். திருக்குறளிலே மருந்து என்ற அதிகாரத்தின் முடிவிலே வள்ளுவர் மருத்துவத்தை நாலு கூறாக்குகிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பராமரிப்பவன். இவர்களுக்கு இன்ன சமயம் என்று அவர் சொல்லவில்லை.

கிறீனின் தமிழ் வகுப்பு அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பிலே தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலே கற்பித்தது. உத்தியோகமும் அந்த வழியாகத்தான் வந்தது. இன்றும் எங்கள் பிள்ளைகள் உயர்தரம் வரை உயிரியலைத் தமிழிலே படித்து, மருத்துவ பீடத்துக்குப் போனதும் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். அப்படிப் போன பழைய மாணவி ஒருத்தி விடுமுறையிலே என்னைப் பார்க்க வந்தாள். எலும்புகளின் பெயர்கள் மண்டைக்குள் ஏறுதில்லை சேர் என்று அலுத்துக்கொண்டாள். பிரதியெடுத்து வைத்திருந்த 'மனுஷ அங்காதிபாதத்தின்' சில பக்கங்களை எடுத்துக் கொடுத்தேன். 1872 என்ற ஆண்டைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வாங்கிலே இருந்து, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினாள். சில சொற்களுக்குச் சிரித்தாள். சிலவற்றைத் தன் கொப்பியிலே எழுதிக்கொண்டாள்.