முகம் பார்த்துச் சொல்லும் பாடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



"உலகத்தின் சிறந்த பேராசிரியர்கள் இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்துகிறார்கள். பிறகு உங்களைப் போன்றவர்கள் எதற்கு?" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். கல்லூரியில் சமூகவியல் கற்பிக்கும் எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மிட்செல் டுனேயர் 2012ஆம் ஆண்டு 'கோர்செரா' வழியாகச் சமூகவியல் அறிமுகப் பாடம் நடத்தினார். 113 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 40,000 பேர் சேர்ந்தனர். ஓர் ஆசிரியர் ஆயுள் முழுவதும் கற்பித்தாலும் இத்தனை பேரைப் பார்க்க முடியாது. ஆனால், 2013இல் அவரே அதை நிறுத்திக்கொண்டார். அப்பாடத்தை மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் கொடுக்கும் யோசனை வந்தபோது, அரசுப் பல்கலைக்கழகங்களின் மானியத்தைக் குறைக்க அது ஒரு சாக்காகிவிடுமோ என்று அஞ்சினார். தம் பாடத்தால் வேறோர் ஆசிரியரின் இடம் போய்விடக்கூடாது என்ற கவலை அதில் இருந்தது.

இனி என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். 2020 மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வகுப்புகள் திரைக்கு மாறின. உழைப்பைப் பற்றிய பாடம். "அந்நியத் தொழிலாளர்கள் சோம்பேறிகள்" என்று உள்ளூர் மாணவர் ஒருவர் சொன்னார். நான் இரண்டு வார்த்தை பதில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். வகுப்பில் பங்களாதேஷ் மாணவர் ஒருவர் இருந்தார். அவருடைய அண்ணன் இங்கே கட்டுமானத் தொழிலாளி. அவர் பாதியிலேயே வெளியேறியது எனக்குத் தெரியவில்லை. வகுப்பறையாக இருந்திருந்தால் அந்த முகத்தைப் பார்த்திருப்பேன். அது என் தவறு.

நேரடி வகுப்பு திரும்பியதும் அதே பாடத்தை மறுபடியும் எடுத்தேன். மேலைநாட்டுப் புத்தகத்திலிருந்து அல்ல. சையட் ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட 'தி மித் ஆஃப் தி லேஸி நேட்டிவ்' நூலிலிருந்து. மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பினோ மக்கள் ஆகியோருக்குச் 'சோம்பேறி' என்று பட்டம் கட்டியது காலனித்துவம் என்பதை அந்நூல் எடுத்துக்காட்டுகிறது. காலனித்துவ முதலாளிக்காக உழைக்க மறுத்தவர் சோம்பேறி ஆனார்! மேலைச் சிந்தனையை அப்படியே ஒப்பிக்கும் மனத்தைச் 'சிறைப்பட்ட மனம்' என்று அவர் அழைத்தார்.

பிறகு, வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் செய்த வேலையைப் பற்றிக் கேட்டு வரச் சொன்னேன். அன்று 'சோம்பேறி' என்று சொன்ன மாணவரே தம் பாட்டியின் கதையோடு வந்தார். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, அப்படியும் கிராணியிடம் 'சோம்பேறி' என்று திட்டு வாங்கிய கதை. படித்து முடித்ததும், தாமாகவே எழுந்து அந்த பங்களாதேஷ் மாணவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

நேயர்களே, இணையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கோ ஒரு தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்கும் உலகத்துப் பாடம் கிடைக்கட்டும். ஆனால், சமூகவியல் மனிதரைப் பற்றிய கல்வி. எல்லை தாண்டி வரும் பாடத்தை நம் வீட்டுக் கதையோடு பொருத்திக் காட்டவும், புண்பட்ட முகத்தைக் கவனிக்கவும் பக்கத்தில் ஓர் ஆசிரியர் வேண்டும்.

இன்றிரவு உங்கள் பிள்ளைகள் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். பாடம் அங்கிருந்தே தொடங்கலாம்.