கம்பெனி மூடிய பின்னும் மிதக்கும் படகுகள்



ஒரு பொருளை வாங்குகிறோம். சில ஆண்டுகளில் அதைச் செய்த கம்பெனி மூடப்பட்டுவிடுகிறது. பிறகு அந்தப் பொருளின் கதி என்ன? தையல் இயந்திரமானாலும் வானொலிப் பெட்டியானாலும் உதிரிப் பாகம் கிடைக்கும்வரை ஓடும்; பிறகு பழைய சாமான் வண்டியில் ஏறிவிடும். இதுதான் நாம் கண்ட வழக்கம். இந்த வழக்கத்துக்கு அடங்காத ஒரு பொருள் உண்டு. அதுதான் பைபர் கிளாஸ் மோட்டார் படகு. செய்தவர்கள் கடையைக் கட்டிப் பல்லாண்டு ஆன பின்னும் அது நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட பழைய படகுகளைப் பற்றியும், அவற்றை வாங்கிப் பேணுவோர் அறிந்திருக்க வேண்டியவற்றைப் பற்றியும் இன்று சிந்திப்போம்.

முதலில் பைபர் கிளாஸ் என்றால் என்னவென்று பார்ப்போம். கண்ணாடியை உருக்கித் தலைமயிரைவிட மெல்லிய இழைகளாக இழுத்துத் துணிபோல் நெய்கிறார்கள். அல்லது துண்டு துண்டாக வெட்டிப் பாய்போல் அமுக்குகிறார்கள். அதைத் திரவப் பிசினில் நனைத்து, பிசினோடு கெட்டிப்படுத்தும் மருந்தையும் கலந்தால், சிறிது நேரத்தில் முழுவதும் இறுகிவிடுகிறது. ரப்பர் பாலில் அமிலம் கலந்து உறைய வைப்பதைத் தோட்டத்து மக்கள் அறிவார்கள். ஏறக்குறைய அதைப் போன்ற மாற்றம்தான் இது. உறைந்த ரப்பர் மறுபடி பாலாகாது. இறுகிய பிசினும் மறுபடி திரவமாகாது.

படகு செய்யும்போது முதலில் அச்சின் உட்புறத்தில் வழவழப்பான வண்ணப் பூச்சு ஒன்றைப் பூசுவார்கள். இதற்கு ஜெல் கோட் என்று பெயர். அதன்மேல் கண்ணாடித் துணியும் பிசினுமாக அடுக்கடுக்காக இட்டு, இறுகிய பின் அச்சிலிருந்து தூக்கி எடுப்பார்கள். பலகைக்குப் பலகை இணைப்பு இல்லை; ஆணி இல்லை; கறையான் இல்லை; துருவும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இந்த முறை விரைந்து பரவியது. 1950களிலும் 1960களிலும் எத்தனையோ கம்பெனிகள் முளைத்தன; அவற்றில் பல பின்னர் மறைந்தன.

அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் யூனிபிளைட். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், கனடா எல்லைக்கு அருகே, வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பட்ட கம்பெனி இது. குளிரும் மழையும் மிகுந்த அந்தக் கடற்பகுதியில் குடும்பத்தோடு சென்று தங்குவதற்கேற்ற, அறைகளுடன் கூடிய மோட்டார் படகுகளை இது கட்டியது. ஆடம்பரம் குறைவு, கட்டுமானம் பலம் என்பதே இந்தப் படகுகளுக்குக் கிடைத்த பெயர்.

இந்தக் கம்பெனிக்கும் நமது தென்கிழக்காசியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வியட்நாம் போரின்போது, மேக்கோங் ஆற்றின் கழிமுகத்தில் ரோந்து சுற்ற அமெரிக்கக் கடற்படைக்கு ஆழமற்ற நீரில் விரைந்து செல்லும் படகு தேவைப்பட்டது. 1965இல் அந்த வேலை யூனிபிளைட்டுக்குக் கிடைத்தது. 31 அடி நீளமுள்ள தன் படகின் உடலையே அடிப்படையாக வைத்து, அதில் இரண்டு டீசல் இயந்திரங்களைப் பூட்டிக் கொடுத்தது. விசிறிக்குப் பதிலாக நீரை உள்ளே இழுத்துப் பின்புறம் பீய்ச்சித் தள்ளும் பம்புகளைப் பொருத்தினார்கள். அதனால் இரண்டடி ஆழத்து நீரிலும் அது ஓடியது. 1966 முதல் அந்தப் படகுகள் வியட்நாமிய ஆறுகளில் ஓடின.

போர்ப் படகில் தீ பெரிய ஆபத்து. ஆகவே எளிதில் தீப்பற்றாத ஒருவகைப் பிசினைக் கொண்டு அவற்றைக் கட்டினார்கள். பின்னர் 1970களில் பொதுமக்களுக்கு விற்ற படகுகளிலும் இத்தகைய பிசினைப் பயன்படுத்தினார்கள். நோக்கம் நல்லதுதான், படகில் தீ விபத்து ஏற்பட்டால் ஓடித் தப்ப இடமில்லை அல்லவா? ஆனால் சில ஆண்டுகளில், அப்படிக் கட்டிய படகுகள் பலவற்றில் நீருக்கு அடியில் இருக்கும் பாகமெங்கும் அம்மை போட்டதுபோல் கொப்புளங்கள் எழுந்தன.

கொப்புளம் ஏன் எழுகிறது? ஜெல் கோட் நீரை முற்றாகத் தடுப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் நீரிலேயே கிடக்கும்போது, நீர் மிக மெதுவாக அதனூடே உட்புகுகிறது. உள்ளே சரியாக இறுகாமல் எஞ்சிய பொருள்களை அது கரைக்கிறது. கரைசல் அடர்ந்ததும் வெளியிலிருந்து மேலும் நீரை இழுக்கிறது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறதே, அதே விதிதான். உள்ளே அழுத்தம் கூடி மேற்பூச்சு உப்பிக்கொள்கிறது. குத்திப் பார்த்தால் காடியைப் போல் புளித்த வாடை வீசும் நீர் வரும். இதைச் சரிசெய்ய, கெட்டுப்போன மேற்பூச்சை உரித்தெடுத்து, உடலை மாதக்கணக்கில் உலரவிட்டு, நீர் புகாத எபாக்சி பூச வேண்டும். வேலையும் அதிகம், செலவும் அதிகம். இந்தச் சுமை யூனிபிளைட்டை நலியச் செய்தது. 1984இல் அதன் தொழில் கிறிஸ்-கிராப்ட் என்னும் பழம்பெரும் படகுக் கம்பெனியின் கைக்கு மாறியது. அதன் அச்சுகளில் சில, மேலும் சில ஆண்டுகள் கிறிஸ்-கிராப்ட் பெயரில் படகுகளை ஈன்றன. யூனிபிளைட் என்ற பெயரில் புதிய படகு வருவது நின்றது.

பெயர் போயிற்று, படகுகள் போகவில்லை. கொப்புள நோய் கண்டவற்றிலும், முறையாக வைத்தியம் செய்யப்பட்டவை நன்றாகவே ஓடின. அதற்கு முந்திய ஆண்டுகளில் கட்டப்பட்டவற்றையோ தேடி வாங்குவோர் உண்டு. என்ன காரணம்? புதிய பொருள் எவ்வளவு பலம் தாங்கும் என்று அக்காலத்துப் பொறியாளர்களுக்குத் துல்லியமாகத் தெரியாது. ஆகவே பாதுகாப்புக்காகத் தடிமனாகவே கட்டினார்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறும்வரை பிசினும் மலிவு. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் 40 அடிப் படகு ஒன்றில் பத்தாண்டு கழித்தும் இருபதாண்டு கழித்தும் தகடு வெட்டி எடுத்துச் சோதித்தபோது, பலத்தில் சொல்லத்தக்க குறைவு காணப்படவில்லை. அந்தத் தடிமன்தான் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பயன்படுகிறது.

இதைக் கேட்டுப் பழைய படகு எல்லாம் நல்ல படகு என்று எண்ணிவிடக்கூடாது. கண்ணாடி இழை மக்காது. ஆனால் அதற்குள் மறைந்திருக்கும் மரம் மக்கும். படகின் அடியில் ஓடும் நீள்சட்டங்களிலும், பின்பக்கத் தடுப்புச் சுவரிலும், மேல்தளத்தின் நடுவிலும் பலகைகளை வைத்து, அவற்றின்மேல் பைபர் கிளாஸ் போர்த்தியிருப்பார்கள். ஒரு திருகாணித் துளை வழியே மழைநீர் உள்ளே இறங்கினால் போதும். வெளியே பளபளப்பு, உள்ளே உளுத்த மரம். இதில் கடல்நீரைவிட மழைநீரே பொல்லாதது. மரத்தைத் தின்னும் காளானுக்கு உப்பு ஆகாது. நன்னீரில் அது செழிக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளியது. சந்தையில் மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோமே, அதுபோல் சிறு சுத்தியலால் படகெங்கும் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்லது. தொப்பென்று கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், அல்லது மரம் ஊறியிருக்கலாம். அடுத்து, படகு பிறந்த ஆண்டைப் பார்க்க வேண்டும். 1972 நவம்பர் முதல் அமெரிக்காவில் கட்டிய படகுகளின் பின்பக்கத்தில் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் இருக்கும். செய்தவர் யார், எந்த ஆண்டு என்பதை அது சொல்லும். யூனிபிளைட் போன்ற படகில் அந்த ஆண்டு மிக முக்கியம். எந்தக் காலத்துப் பிசின் என்பதை ஊகிக்க அதுவே வழி.

பெட்ரோல் இயந்திரமுள்ள படகானால் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடிவயிற்றில் தங்கும். சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். ஆகவே இயந்திரத்தை முடுக்குமுன் குறைந்தது நான்கு நிமிடமாவது காற்றோட்ட விசிறியை ஓடவிட வேண்டும். முகர்ந்து பார்ப்பதும் அவசியம். பழைய படகில் பழைய ரப்பர்க் குழாய்களும் இருக்கும். எரிபொருள் குழாய்களை மாற்றாமல் வண்ணம் பூசி அழகு பார்ப்பது, ஒழுகும் கூரையின்கீழ் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பாகும்.

உதிரிப் பாகங்களுக்கு எங்கே போவது? இங்கேதான் படகு மற்றப் பொருள்களிலிருந்து மாறுபடுகிறது. படகுக் கம்பெனிகளில் பல, இயந்திரத்தைத் தாமே செய்வதில்லை. மோட்டார் வண்டி இயந்திரத்தைக் கடலுக்கேற்ப மாற்றிய கிரைஸ்லர் போன்றவற்றை வாங்கிப் பூட்டின. ஆகவே இயந்திரத்துக்கு வேறு வழி உண்டு. உடலில் ஓட்டை விழுந்தாலோ, சுற்றிலும் சரிவாகத் தேய்த்து, புதிய துணியும் பிசினும் இட்டு மூடலாம். அதற்குப் பழைய கம்பெனியின் அனுமதியும் வேண்டாம், அச்சும் வேண்டாம். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசி நுரையீரலுக்குப் பகை; முகமூடி இன்றித் தொடக்கூடாது. சன்னல் சட்டம், பூட்டு, கைப்பிடி போன்ற சில்லறைச் சாமான்களுக்குத்தான் திண்டாட்டம். பழைய படகுக்காரர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குகிறார்கள். பழைய விற்பனைப் புத்தகங்களையும் வரைபடங்களையும் பிரதி எடுத்துப் பகிர்கிறார்கள். கம்பெனியோடு அழிந்திருக்க வேண்டிய அறிவு இப்படி உடைமையாளர்களிடம் தங்கிவிடுகிறது.

நேயர்களே, ஒரு கணக்கையும் மறக்கக்கூடாது. பழைய படகின் விலை குறைவு. சில சமயம் இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் துறையில் கட்டி வைக்கும் வாடகையும், கரையேற்றும் கூலியும் பெரும்பாலும் படகின் நீளத்தை அளந்துதான் வாங்கப்படுகின்றன. படகு பழையதென்று அவை குறைவதில்லை. 42 அடிப் படகை மலிவாக வாங்கியவர், 42 அடிக்குரிய செலவை மாதந்தோறும் சுமக்கத்தான் வேண்டும். இதை எண்ணாமல் வாங்கியவர்கள் ஓரிரு ஆண்டில் படகைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

கைவிடப்பட்ட படகு என்னாகும்? மரப்படகு மக்கி மண்ணாகும். இரும்புப் படகை உருக்கலாம். இறுகிய பிசினையோ உருக்க முடியாது. முன்பு புகழ்ந்த அதே ஆயுள் இப்போது பாரமாகிறது. கேட்பாரற்று மூழ்கும் படகுகளை அகற்றுவதற்காக வாஷிங்டன் மாநிலம் 2002இல் தனிச் சட்டமே இயற்றியது. 2014 முதல், 45 அடிக்குக் குறைந்த பழுதுற்ற படகுகளை, அவை மூழ்குமுன்பே உடைமையாளர்கள் ஒப்படைக்கவும் அங்கே ஒரு திட்டம் உண்டு. யூனிபிளைட் பிறந்த மாநிலம்தான் அது.

ஆகவே பழைய படகை வாங்குகிறவர் ஒரு பொருளை மட்டும் வாங்கவில்லை. அதைச் செய்தவர் விட்டுச்சென்ற பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார். அதன் குறை இன்னதென்று தெரிந்து, தட்டிப் பார்த்து, கணக்கிட்டு வாங்கினால் அது பல்லாண்டு உழைக்கும். தெரியாமல் வாங்கினால் கடலுக்கும் கரைக்கும் பாரமாகும்.

நம் நாட்டுக் கரைகளிலும் ஆறுகளிலும் பைபர் படகுகள் ஏராளமாக ஓடுகின்றன. மீன்பிடிக்கவும் சவாரிக்கும் பயன்படும் அவற்றுக்கும் இதே விதிகள்தான். அடுத்தமுறை துறைமுகப் பக்கம் போகும்போது, கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு படகின் அடிப்பாகத்தை உற்றுப் பாருங்கள். உடைமையாளர் அருகில் இருந்தால் கேட்டுக்கொண்டு, விரலால் சுண்டியும் பாருங்கள். அந்த ஒலியே அதன் கதையில் பாதியைச் சொல்லிவிடும்.