மின்சாரத்தால் தெளிந்த ஆலை நீர் தோட்டத்துக்கு ஆகுமா?

(பேரிகையில் விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்குமுன் ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "ஐயா, போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டது. பக்கத்து ஆலைக்காரர், எண்ணெய்க் கழிவு நீரை மின்சாரம் பாய்ச்சிச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம், பைப் போட்டுத் தருகிறோம் என்கிறார். தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. தக்காளிக்கு விடலாமா?" பேச வைத்திருந்ததை விட்டுவிட்டு, அவருடைய கேள்விக்கே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஓசூர்ப் பட்டறைகளில் இரும்பு கடையும்போது ஊற்றும் கூலன்ட்டை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பால் போல வெளுத்திருக்கும். அதில் எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகக் கலந்து நிற்கிறது. துளிகள் எல்லாவற்றின் மேலும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் வைத்தாலும் தானாகப் பிரியாது.

கலங்கிய குடிநீரில் நாம் படிகாரம் போடுகிறோம் அல்லவா? படிகாரத்தில் உள்ள அலுமினியம்தான் அழுக்கைத் திரட்டுகிறது. மின்முறையில் படிகாரம் போடுவதற்குப் பதிலாக அலுமினியத் தகடுகளையோ இரும்புத் தகடுகளையோ கழிவு நீரில் நிறுத்தி நேர்மின்சாரம் செலுத்துகிறார்கள். தகடு கரைகிறது. 100 ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 34 கிராம் அலுமினியம் நீரில் இறங்கும். அது எண்ணெய்த் துளிகளின் மின்னேற்றத்தை அழித்து, பஞ்சு போன்ற கசடாகத் திரட்டுகிறது. எதிர்த்தகட்டில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் அந்தக் கசடை, பாலில் ஆடை மிதப்பது போல, மேலே தூக்கிவிடுகின்றன. வழித்து எடுத்துவிட்டால் கீழே தெளிந்த நீர் நிற்கும்.

இது புதிய வித்தை அல்ல. 1889-லேயே லண்டனில் சாக்கடை நீரை இவ்வாறு தெளிவித்துப் பார்த்தார்கள். நம் மாநிலத்தில் 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆலைக் கழிவு நீர்களை மின்முறையில் சுத்தம் செய்வதை ஆராய்ந்து வருகிறது. ஆனால் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் பெரும்பாலும் எண்ணெயை மிதக்கவிட்டுப் பிரித்து, பின்பு நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்யும் முறையையே நம்பியிருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. எண்ணெயைத் திரட்டும் இம்முறை, நீரில் முழுவதும் கரைந்துவிட்ட பீனால் போன்றவற்றைச் சரியாகப் பிடிப்பதில்லை. அவற்றை எரிக்கத் தனி வகைத் தகடுகள் உண்டு. உப்பு நீரில் அவை குளோரினை உண்டாக்கி, நச்சான புதுச் சேர்மங்களையும் விட்டுவிடக்கூடும்.

பெரியவரே, நமக்கு முக்கியமானது உப்பு. கச்சா எண்ணெயை முதலில் தண்ணீரால் கழுவி அதிலுள்ள உப்பை எடுக்கிறார்கள். அந்த உப்பு கழிவு நீரோடு வருகிறது. மின்முறையில் எண்ணெய் போகும், கலங்கல் போகும், உப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும். போதாக்குறைக்கு, மின்சாரம் எளிதாகப் பாய வேண்டும் என்று சிலர் சமையல் உப்பையே சேர்ப்பதுண்டு! அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும்; நீர் இறங்காது.

எனவே கண்ணாடி போன்ற தெளிவைப் பார்த்து ஏமாற வேண்டாம். மின்கடத்துதிறன் எவ்வளவு என்று கேளுங்கள். பாசன நீரில் அது மீட்டருக்கு 0.7 டெசிசைமனைத் தாண்டினால் பீன்ஸ் மகசூல் குறையத் தொடங்கும், முட்டைக்கோசு 1.2 வரை, தக்காளி 1.7 வரை தாங்கும். பாசனத்துக்கு விடும் கழிவு நீரில் எண்ணெயும் கிரீசும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் பொது விதி.

கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையை நீங்கள் அறிவீர்கள். பெங்களூர்க் கழிவு தென்பெண்ணையில் கலந்த பிறகு, ஓடும் ஆற்றில் யார் தகடு நிறுத்துவது? வாயிலிலேயே சுத்தம் செய்தால்தான் உண்டு.

இன்னொன்று. வழித்தெடுத்த கசடை "எரு" என்று யாராவது லாரியில் கொண்டுவந்து கொட்ட வந்தால் வரப்பிலேயே நிறுத்திவிடுங்கள். அதில் எண்ணெயும் உலோகமும் இருக்கும். எண்ணெய்க் கசடு அபாயக் கழிவு. அதற்குரிய இடத்துக்குத்தான் போக வேண்டும்.

பெரியவர் செய்ய வேண்டியது இதுதான். ஒப்புக்கொள்ளுமுன் குழாயிலிருந்து நீரைச் சற்று நேரம் ஓடவிட்டு இரண்டு மாதிரி எடுங்கள். உப்பும் சோடியமும் பார்க்க, அதே நீரால் அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர். எண்ணெய் பார்க்க, வாயகன்ற சுத்தமான கண்ணாடிப் பாட்டில். இதை மட்டும் அந்த நீரால் அலசக் கூடாது, எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும். ஆலைக்காரர் கொடுத்தனுப்பும் பாட்டில் வேண்டாம். முன்னறிவிப்பு இல்லாத ஒரு நாளில் நீங்களே போய்ப் பிடியுங்கள்.